நாலாம் பேச்சாளருக்குப் பீடை

அந்த மாடிப்படியில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் மேலே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். கொடுக்கவில்லை ஐயா, வாங்குகிறார்கள்! கீழே ஜெராக்ஸ் கடை, நடுவில் பல் டாக்டர், மேல்மாடியில் ஊசல் சாமி. வரிசை மேலிருந்து இறங்கி, பல் டாக்டரைக் கடந்து, ஜெராக்ஸ் கடை வாசலில் வளைந்து தெருவுக்கே வந்துவிட்டது. நின்றவர்களில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மீதிப் பேர் முகம் துடைப்பதுபோலக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நின்றார்கள். திருட்டுக் கும்பல் என்று நினைத்துவிடாதீர்கள், பாவம். அத்தனை பேரும் டாக்டர்கள். அதிலும் மனநல டாக்டர்கள்.

காலையில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு, "காத்தும் இல்ல, கருப்பும் இல்லம்மா. இது மூளையில வர்ற வியாதி. மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்" என்று பாடம் நடத்துகிற அதே வாய்கள்தான், சாயங்காலம் இந்தப் படியில், "சாமி இன்னைக்குப் பார்த்துடுவாரா?" என்று குழைந்துகொண்டிருந்தன.

சங்கதி இதுதான். வருஷத்துக்கு ஒருமுறை மனநல மருத்துவர்கள் கூடி ஒரு பெரிய மாநாடு நடத்துவார்கள். அதில் சிம்போசியம் என்கிற கருத்தரங்கம் நடத்த வேண்டுமானால் முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு இடம் கேட்க வேண்டும். ஒரு தலைப்பு, ஒரு தலைவர், நாலு பேச்சாளர். ஆளுக்கொரு படம், ஆளுக்கொரு பேச்சுச் சுருக்கம். எல்லாவற்றையும் இணையதளத்தில் ஏற்றி, கெடு முடிவதற்குள் பொத்தானை அமுக்கினால் தேர்வுக் குழு படித்துப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லும். தலைப்பு உருப்படியாக இருக்கிறதா, பேசுகிறவருக்கு விஷயம் தெரியுமா என்று பார்த்தால் முடிந்துபோகிற வேலை. ஆனால் அது கஷ்டமான வேலை ஆயிற்றே! உட்கார்ந்து யோசிக்க வேண்டும், எழுத வேண்டும், எழுதியதை அடித்துத் திருத்த வேண்டும். ஊசல் சாமியிடம் அதெல்லாம் வேண்டாம். கால் வலிக்க நின்றால் போதும்.

ஊசல் சாமி ஒரு காலத்தில் மாநாட்டு மண்டபங்களுக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஒயர் நுனியில் தொங்கிய மைக் தானாக ஆடி ஒரு டாக்டரைக் காட்டி நின்றதாம். அந்த வருஷம் அந்த டாக்டருக்கே விருது கிடைத்ததாம். அன்றைக்குப் பிறந்தது ஞானம். மைக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒயருக்குப் பதிலாகப் பட்டுநூல், மைக்குக்குப் பதிலாகப் பளிங்குக் குண்டு என்று கிளம்பிவிட்டார். குண்டை விண்ணப்பத்தின் மேல் தொங்கவிடுவார். வட்டமாகச் சுற்றினால் யோகம். குறுக்கே ஆடினால் பீடை. தலைப்புக்கு ஒரு ஆட்டம், தலைவர் படத்துக்கு ஒரு ஆட்டம், பேச்சாளர் படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆட்டம். கடைசியில் பொத்தானை அமுக்க நல்ல நேரமும் குறித்துக் கொடுப்பார். கட்டணமா? சேச்சே! சாமி காசைக் கையால் தொடமாட்டார். "அதிர்வு நன்கொடை" என்று எழுதிய பெட்டியோடு அவருடைய மச்சான் வாசலில் உட்கார்ந்திருப்பார். மச்சான் தொடுவார்.

போன வருஷம் சாமி எல்லாருக்கும் ஒரே நல்ல நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டார். அத்தனை பேரும் ஒரே நிமிஷத்தில் அமுக்க, இணையதளம் மல்லாந்துவிட்டது. "பார்த்தியாப்பா சாமியோட சக்தியை! கம்ப்யூட்டரே தாங்கல!" என்று புல்லரித்துப் போனார்கள். இடம் கிடைத்தவர்கள் ஊரெல்லாம் புகழ் பாடினார்கள். கிடைக்காத ஒன்றிரண்டு பேரிடம், "அமுக்கும்போது உன் மனசு சுத்தமா இல்ல" என்றார் சாமி. அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு, மறுபடியும் ஒரு தடவை மச்சானைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எப்படி விழுந்தாலும் சாமிக்கே லாபம் பாருங்கள்.

அந்த வரிசையில்தான் சின்ன டாக்டரும் நின்றாள். கண்ணாடியும் இல்லை, கைக்குட்டையும் இல்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பக்கத்தில் அவளுடைய துறைத் தலைவர். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள்.

"சார், நம்ம தலைப்பு என்ன சார்?" என்றாள் அவள்.

"நீ எழுதினதுதானேம்மா. உனக்குத் தெரியாதா?"

"ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்களேன்."

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலை இறக்கினார். "பேயோட்டியிடம் தொலைந்த காலம். நோயாளிகள் மருத்துவரிடம் தாமதமாக வருவது ஏன்?"

"இதைக் கொண்டுபோய் ஊசல் கட்டி ஆட்டப் போறோம்."

"அது வேற, இது வேற. இது ஒரு… சம்பிரதாயம்னு வச்சுக்கோயேன். போன வருஷம் வந்தவங்க எல்லாருக்கும் கிடைச்சிருக்கு. நமக்கு மட்டும் என்ன குறைச்சல்? பேசாம வா."

சிரிக்காதீர்கள். அவள் சிரிக்கவில்லை. அந்த விண்ணப்பத்துக்காக மாசக்கணக்கில் உழைத்தவள் அவள். அதைவிட, அதில் நாலாவது பேச்சாளராக இருந்தவர் டாக்டரே இல்லை; லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஒரு காலத்தில் காதில் குரல் கேட்கிறது என்று சொன்னதற்காக ஒரு பேயோட்டி அவரைக் கட்டிப்போட்டு, புகை போட்டு, அடித்து, இரண்டு வருஷத்தை வீணாக்கிவிட்டான். கூட்டிக்கொண்டு போனது கூடப்பிறந்த அக்காதான். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள். அப்புறம் எப்படியோ ஆஸ்பத்திரிக்கு வந்து, மாத்திரை சாப்பிட்டு, சின்ன டாக்டர் கையில் தேறி, இப்போது பழையபடி வேலைக்குப் போகிறார். "நடந்ததை நானே மேடையேறிச் சொல்றேன் டாக்டர்" என்று அவராகவே கேட்டார். சொல்லலாம் அண்ணே என்று அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மச்சானைக் கடந்து உள்ளே போனார்கள். கனத்த திரை, மங்கிய விளக்கு, வாசனை மெழுகுவத்தி. சாமி வெள்ளைக் கோட்டுப் போட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டியிருந்தார். எதிரே நிஜ டாக்டர்கள் கைகட்டி நின்றார்கள். சின்ன டாக்டருக்கு ஒரு நிமிஷம் யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்றே புரியவில்லை.

"சந்தேகம் இருக்கறவங்க வெளியில நிக்கலாம்" என்றார் சாமி. "சந்தேகம் வந்தா ஊசல் குழம்பும்."

ஊசல் எறும்பு ஊர்கிறமாதிரி மெல்ல ஆரம்பித்தது. தலைப்புக்கு வட்டம். சிம்போசியத் தலைவர் பெரியவர்தான்; அவர் படத்துக்கு என்ன ஆட்டம் தெரியுமா? கிறுகிறுவென்று சுற்றியது. "ஆஹா, சிங்கம்! மகா யோகம்!" என்றார் சாமி. பெரியவர் வெட்கப்பட்டார். முதல் மூன்று பேச்சாளர்களும் பெரியவர் வாய்நிறையப் புகழ்கிற பேராசிரியர்கள். மூன்று பேருக்கும் வட்டம்.

நாலாவது படம் வந்தது.

"இவரு எங்க படிச்சவரு?"

"படிச்சவர் இல்ல சாமி" என்று இழுத்தார் பெரியவர். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். முன்னாடி நம்ம பேஷன்ட்." சொல்லும்போது அவர் உதடு லேசாகக் கோணியது.

அவ்வளவுதான். குண்டு சடாரென்று குறுக்கே ஆட ஆரம்பித்தது.

"பீடை!" என்றார் சாமி. "பெரும் பீடை! இந்தப் படத்தைத் தூக்கிடுங்க. இது உள்ள இருந்தா விண்ணப்பம் வாசப்படி தாண்டாது. வேற ஆளைப் போட்டு நாளைக்குக் கொண்டு வாங்க, நேரம் குறிச்சுத் தரேன்."

எல்லாரும் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன டாக்டர் மட்டும் சாமியைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்து மனசைப் படிக்கிறதுதானே அவள் பிழைப்பு? சாமி ஒரு தடவைகூடக் குண்டைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அவர் பார்த்தது பெரியவர் முகத்தைத்தான். முகம் மலர்ந்தால் வட்டம், கோணினால் குறுக்கு. நாளெல்லாம் அடுத்தவர் முகத்தைப் படிக்கிற மனுஷன், தன் முகத்தை ஒருத்தன் புத்தகம்போலப் புரட்டுகிறான் என்று தெரியாமல் நிற்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

வெளியே வந்ததும் பெரியவர் சொல்லிவிட்டார். "மாத்திடும்மா. அந்த லிஃப்ட்காரருக்குப் பதிலா வேற ஒரு ப்ரொபசரைப் போடு. அவர்கிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

பக்குவமாக என்ன சொல்வது? உங்க படத்துல பீடை இருக்காம் என்றா?

மறுநாள் காலையில் அவரே போன் பண்ணிவிட்டார். பின்னால் டங் டங்கென்று இரும்புச் சத்தம்.

"டாக்டர், ஒரு சின்ன சந்தேகம். மேடையில நிக்கறப்ப என்ன கலர் சட்டை போடலாம்? அக்கா வெள்ளைங்கறா. எனக்கு என்னமோ நீலம்தான் நல்லாருக்கும்னு படுது."

"நீங்க எங்கண்ணே இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு?"

"லிஃப்ட் கூண்டு மேல நிக்கறேன். யாரும் இல்லாதப்ப இங்கதான் பேசிப் பார்க்கறேன். எதிரொலி நல்லா வருது டாக்டர், நிஜ மேடை மாதிரியே இருக்கு! நேத்து வீட்டுல அக்காகிட்டயும் பேசிக் காட்டினேன். அழுதுட்டா. அழுதுட்டு, 'சொல்லுடா, நான்தான் கூட்டிட்டுப் போனேன்னும் சேர்த்துச் சொல்லு, வேற எந்த அக்காவும் போகக் கூடாது'ன்னா. அதையும் சேர்த்துட்டேன்."

சின்ன டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பேயோட்டி இந்த மனுஷனைக் கட்டிப்போட்டான். இப்போது டாக்டர்கள் சேர்ந்து வாயைக் கட்டப் போகிறோமே என்று கோபம் கோபமாக வந்தது.

"நீலமே போடுங்கண்ணே" என்றாள். போனை வைத்துவிட்டு நேரே ஊசல் சாமி மாடிக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் ஊசல் சாமி அறையில் கூட்டம் நெரிந்தது. மறுநாள் கெடு. வாசலில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன டாக்டர் பயபக்தியோடு ஐந்து பழுப்புக் கவர்களை மேசையில் வைத்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், வாய் ஒட்டியது.

"இது என்னம்மா கவர்?" என்றார் சாமி.

"வெளிச்சம் பட்டா படத்தோட அதிர்வு கெட்டுடும்னு கேள்விப்பட்டேன் சாமி. அதான் மூடிக் கொண்டு வந்தேன். இதுல எது பீடையோ அதைச் சாமியே எடுத்துக் கொடுத்துடுங்க. இங்கயே கிழிச்சுப் போட்டுடறேன்."

பெரியவர் பூரித்துப் போனார். "புத்தி வந்துடுச்சு சாமி இவளுக்கு! நேத்து நீங்க சொன்ன படமும் உள்ள இருக்கு. புதுசா ஒரு ப்ரொபசர் படமும் இருக்கு. உங்களுக்கு இதென்ன பிரமாதம், கண்டுபிடிச்சுடுவீங்க."

சாமி முகத்தில் லேசாக ஒரு வாட்டம். ஆனால் வாசலில் அத்தனை பக்தர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது முடியாது என்று சொல்ல முடியுமா?

"கலைச்சு வைங்க சார்" என்றாள் சின்ன டாக்டர். பெரியவர் சீட்டுக்கட்டைக் கலைக்கிறமாதிரி கலைத்துப் பரப்பினார். இப்போது எது எங்கே என்று அவருக்கும் தெரியாது. அவர் முகத்தில் படிக்க ஒரு எழுத்தும் இல்லை.

சாமி குண்டைத் தொங்கவிட்டார். பெரியவர் முகத்தைப் பார்த்தார். அது வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது. மறுபடியும் பார்த்தார். சாமிக்கு ஏசி அறையில் வேர்த்தது. கடைசியில் துணிந்துவிட்டார். முதல் கவருக்கு வட்டம். இரண்டாவதுக்கு வட்டம். மூன்றாவதைப் பெரியவர் ஏதோ நினைப்பில் விரலால் தள்ளி வைத்தார். சாமிக்கு அது போதாதா? குண்டு தறிகெட்டுக் குறுக்கே ஆடியது.

"இதோ! இதுதான்! அப்பப்பா, நேத்தைவிட இன்னைக்கு உக்கிரம்! இந்த முகத்தை மாநாட்டுப் பக்கமே விடாதீங்க. இருக்கற இடம் விளங்காது!"

மீதி இரண்டுக்கும் வட்டம் சுற்றி, சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வாசலில் பலமான கைதட்டல்.

"பிரிங்க சார்" என்று மூன்றாவது கவரைப் பெரியவரிடம் நீட்டினாள் சின்ன டாக்டர்.

பெரியவர் பிரித்தார். படத்தை எடுத்தார். பேய் முழி முழித்தார். கையில் இருந்தது அவருடைய படம். நேற்று சிங்கம் என்று சாமி கொண்டாடிய அதே படம்.

"கிழிக்கட்டுமா சார்?"

சாமிதான் முதலில் சுதாரித்தார். "அப்படியா சங்கதி! தலைவருக்கே தோஷம் வந்துடுச்சு. நேத்து ராத்திரி கிரகம்…"

"இருங்க சாமி, மீதியையும் பார்த்துடலாம்" என்று அவள் மற்ற நாலு கவர்களையும் வரிசையாகப் பிரித்து மேசையில் போட்டாள். நாலிலும் பெரியவர்! ஒரே படம், ஒரே சிரிப்பு, ஒரே டை. ஐந்து பெரியவர்களும் மேசையில் கிடந்து சாமியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏமாத்திட்டா! இந்தப் பொண்ணு என்னை ஏமாத்திட்டா!" என்று குதித்தார் சாமி.

"ஆமாம் சாமி, ஏமாத்தினது நான்தான். ஊசல் ஏன் ஏமாந்துச்சு?"

சாமிக்கு வாய் குழறியது. "அதாவது… தலைவருக்கு நாலு பக்கம் யோகம், ஒரு பக்கம் பீடை…"

"அப்போ எந்தப் பக்கத்தை மாநாட்டுக்கு அனுப்பறது சாமி?" என்றது வாசலில் ஒரு குரல். கொல்லென்று சிரிப்பு வெடித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். அழுகிற அளவுக்குச் சிரிப்பு.

சிரிக்காதவர் ஒருவர். பக்தியை விட மனசு வராமல், "எது எப்படியோ, போன வருஷம் இவர்கிட்ட வந்தவங்களுக்கெல்லாம் இடம் கிடைச்சுதே, அது எப்படி?" என்று கேட்டார்.

வரிசையில் நின்ற இன்னொருவர் அடக்க முடியாமல் சொல்லிவிட்டார். "யோவ், போன வருஷம் ஹாலுங்க நிறைய இருந்துச்சு, விண்ணப்பம் கம்மியா இருந்துச்சு. படிக்கவே முடியாத ஒண்ணு ரெண்டைத் தவிர வந்த எல்லாத்தையும் எடுத்துக்கிட்டோம். இவர்கிட்ட வராதவங்களுக்கும் கிடைச்சுதே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே தேர்வுக் குழுச் செயலாளர்."

"நீங்களா? நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

செயலாளர் முகத்தில் அசடு வழிந்தது. "என்னோட ப்ரபோசலும் ஒண்ணு இருக்கு. அதுக்கு இடம் கிடைக்குமோ கிடைக்காதோன்னு…"

இதற்கு மேல் என்ன இருக்கிறது! மச்சானைத் தேடினார்கள். மச்சானும் இல்லை, பெட்டியும் இல்லை. பல் டாக்டர் பக்கத்துப் பின்படியில் தடதடவென்று இறங்கிய சத்தம் மட்டும் கேட்டது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் சாமியும் அதே வழியில் இறங்கினார். கூட்டம் கலைந்தது. படியில் இறங்கும்போது ஒரு டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம், "இவன் போலிதான் ஒத்துக்கறேன். வேற நல்ல ஊசல்காரர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டதாகக் கேள்வி. படிப்புக்கும் புத்திக்கும் சம்பந்தமே இல்லை என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

சாமி பார்த்தது குண்டை இல்லை, உங்க முகத்தைத்தான் என்று காரில் சின்ன டாக்டர் பெரியவரிடம் சொன்னாள். அவர் மெதுவாக ஆரம்பித்தார். "குண்டு சொன்னது சாமி மனசுல இருந்தது இல்லம்மா. என் மனசுல இருந்தது. எனக்குத்தான் பயம். அந்த லிஃப்ட்காரர் மேடையேறி, 'ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் டாக்டருங்க முதல்ல என் பேச்சைக் காது கொடுத்துக் கேக்கல'ன்னு சொல்லிட்டா?"

"சொல்வார் சார். அதுவும் அவர் பேச்சுல இருக்கு."

"இருக்கா?"

"உண்மைதானே சார்?"

பெரியவர் பெருமூச்சு விட்டார். "உண்மைதான். இரு, ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலையா அனுப்பிடலாம்."

நல்ல நேரம், கெட்ட நேரம் எதுவும் பார்க்காமல், ஒரு கையில் ஆறிப்போன காப்பியைப் பிடித்துக்கொண்டு பெரியவரே பொத்தானை அமுக்கினார். நாலு பேச்சாளர்களும் அப்படியே இருந்தார்கள். தேர்வுக் குழு படித்தது. நன்றாக இருந்தது. இடம் கொடுத்தது. படித்துப் பார்த்துக் கொடுத்தார்கள் ஐயா, அதிசயம்தான்!

மாநாட்டில் லிஃப்ட்காரர் பேசி முடித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. டாக்டர்கள் காது கொடுக்காததையும் அவர் சொன்னார். அதற்கும்தான் கைதட்டினார்கள். கேள்வி நேரம் வந்தது. நடுவரிசையில் ஒரு டாக்டர் எழுந்தார்.

"உங்க குடும்பத்துல படிச்சவங்க யாருமே இல்லையா? பேய், பிசாசுன்னு ஒருத்தன் சொன்னா இந்தக் காலத்துலயும் எப்படி நம்பறாங்க?"

முன்வரிசையில் இருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். லிஃப்ட்காரர் மைக்கைப் பிடித்தபடி அக்காவையே பார்த்தார். சின்ன டாக்டர் பதறி எழுவதற்குள் பெரியவர் எழுந்துவிட்டார்.

"அந்தக் கேள்வியை என்கிட்ட கேளுங்க" என்றார். "இந்த அம்மா, தம்பி உயிர் போயிடுமோங்கற பயத்துல போனாங்க. எனக்கு என்ன பயம் தெரியுமா? இந்த சிம்போசியத்துக்கு இடம் கிடைக்காம போயிடுமோன்னு! இத்தனை பட்டம் வாங்கிட்டு, படியேறிப் போய், ஒரு பளிங்குக் குண்டு முன்னாடி கைகட்டி நின்னேன். அது இவரைத் தூக்குன்னுச்சு, நானும் தலையாட்டினேன். அம்மா, நீங்க தலை நிமிர்ந்து உட்காருங்க. குனிய வேண்டியவங்க நாங்க. என்னோட அந்தப் படியில நின்னவங்க இந்த ஹால்ல நிறைய பேர் இருக்கீங்க. கொஞ்சம் கையைத் தூக்குங்க. கேள்வி கேட்டவருக்குப் பதில் கிடைக்கட்டும்."

ஒரு கையும் எழவில்லை. அத்தனை டாக்டர்களும் திடீரென்று தங்கள் செருப்பில் ஏதோ நோய் இருப்பதுபோல உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா மட்டும் மெல்லத் தலையை நிமிர்த்தி, அந்தக் குனிந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஊரார் மூளைக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மகானுபாவர்களே, உங்களுக்கும் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. அவ்வப்போது எடுத்து உபயோகியுங்கள், தேய்ந்துவிடாது!